முப்பத்தோராம் தேதி

வண்டியைத் தொடாதே என்றாள் நோலா,
எஞ்சினை அணைப்பதற்கு முன்பே.
தொட்டால் ஆயிரம் டாலர் போச்சு.
சிரித்தால் இரண்டாயிரம்.
"அடடா" என்று சொல்லிவிட்டாலோ
வீட்டுக்கு நடந்தே வா.

மைல்ஸ் சிட்டியில் ஜனவரி முடிகிற நாள்.
மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர்.
மாதக் கணக்கை மூட
அவர்களுக்கு இன்னும் ஒரு வண்டி விற்றாக வேண்டும் என்று
யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்,
அல்லது காற்றிலேயே மோப்பம் பிடித்திருந்தாள்.
பத்தொன்பது வருடம்
மாட்டு ஏலக் கொட்டகையில் கணக்கெழுதியவள்.
தொப்பி விளிம்பைத் தொட்டுத் தொட்டு விலை ஏற்றுகிறவன்
எந்தத் தொகையில் கையை இறக்குவான் என்பது
அவன் மனைவிக்கு முன்பே இவளுக்குத் தெரியும்.

நானோ
அந்தக் கரும்பச்சையில் விழுந்திருந்தேன்.
மூன்று வரிசை இருக்கை.
இரண்டு குதிரைகளை ஏற்றிய இழுவண்டியைப்
பொருட்படுத்தாமல் இழுக்குமாம்.
திறந்த கதவிலிருந்து புதுத்தோல் வாசனை.
கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்தேன்.
கண்களை எங்கே திணிப்பது?

ட்ரேட்டன் என்ற பையன் காபி கொண்டு வந்தான்.
கண்ணாடியில் ஒட்டிய விலை
எழுபத்தோராயிரத்து நானூற்று எண்பது.
"மாதம் எவ்வளவு கட்டினால் வசதிப்படும், மேடம்?"
தேன் தடவிய கேள்வி.
"மாதம் வேண்டாம். பதிவு, கோப்புக் கூலி எல்லாம் சேர்த்து
ஒரே எண் சொல்.
மொன்டானாவில் விற்பனை வரி கிடையாது,
வேறு பெயரில் அதைக் கொண்டுவராதே."

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டான்.
இந்தக் குழியில் போட்டதை
அந்தக் குழியில் அள்ளுகிற பல்லாங்குழி.
நோலா தாளைத் திருப்பிப் போட்டாள்.
வெறும் பக்கத்தில்
63,900 என்று எழுதிவிட்டுப்
பேனாவை மூடினாள்.

பிறகு ஒன்றும் பேசவில்லை.

சூடேற்றி உறுமியது.
"பாதிக்குப் பாதி வைத்துக்கொள்ளலாமே" என்ற வாக்கியம்
என் நாக்கு வரை ஏறி வந்தது.
கொதிக்கிற காபியோடு விழுங்கினேன்.

மேலாளரோடு சண்டை போட்டு வருகிறேன் என்று போனான்.
கண்ணாடி அறையில் இருவரும்
ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.
திரும்பி வந்தான், அறுபத்தெட்டு.
மறுபடி போனான். அறுபத்தேழு இருநூறு.
எங்கள் பழைய வண்டியை மதிப்பிட என்று
முதலிலேயே வாங்கிக்கொண்ட சாவி மட்டும்
திரும்பவில்லை.

நோலா எழுந்து ஜிப்பை ஏற்றினாள்.
"மதிப்பிடுகிறவர் சாப்பிடப் போயிருக்கிறார்,
சாவி வரும்வரை உட்காருங்களேன்."
கையுறைக்குள்ளிருந்து மாற்றுச் சாவியை எடுத்தாள்.
"அது உங்களிடமே இருக்கட்டும்.
திங்கட்கிழமை தபாலில் அனுப்புங்கள்."

நானும் எழ வேண்டும்.
முழங்கால் இரண்டும் எதிர்த்து வாக்களித்தன.
எழுந்தேன்.

பனியில் பாதி தூரம் போயிருப்போம்.
கோட்டு இல்லாமல், டை தோளில் புரள
ஓடி வந்தார் மேலாளர் க்வாமி.
அறுபத்து நாலு நானூறு என்றார்.
அவர் காதுகள் சிவப்பதை
அவசரமில்லாமல் பார்த்தாள் நோலா.
"ரப்பர் விரிப்புகளோடு."
"விரிப்புகளோடு."

கையெழுத்து அறையில் இன்னொருத்தி
டயருக்கு நைட்ரஜன் இருநூறு டாலர் என்றாள்.
சும்மாக் காற்றிலேயே முக்கால் பங்குக்கு மேல் அதுதானே,
அதுவே போதும் என்று
நோலா அந்த வரியை அடித்தாள்.
பழைய வண்டிக்கு அவர்கள் சொன்ன தொகையையும்.

ஆகவே இப்போது
இருட்டில், நெடுஞ்சாலையில்
கரும்பச்சையை அவள் ஓட்டிப் போகிறாள்.
பழையதில், மாற்றுச் சாவியோடு
பின்னால் வருகிறேன் நான்.
இன்னும் அதைத் தொடவில்லை.

கைப்பேசி அடித்தது.
"இன்னும் ஐந்நூறு இறங்கியிருப்பான்" என்றாள்.
கொஞ்ச தூரம் மௌனம்.
"ஆனால் ஆரின்,
இந்த இருக்கை சுடுகிறது.
அடடா."